யாரைக் கேட்டுக் கிளம்பினே?

கையில் கொஞ்சம் பணம். மூன்று நாள் லீவு. அப்பா, அம்மா, டிராவல்ஸ் கம்பெனி, கல்லூரி வாத்தியார் யாரும் கூட வரக்கூடாது. ஆனால் ஊர் சுற்றியே ஆகவேண்டும். எப்படித் திட்டம் போடுவது?

இருபது வயதில் இந்தக் கேள்வி வராதவர்கள் ரொம்பக் குறைச்சல். உங்களுக்கும் வந்திருக்கும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்போது வந்துகொண்டிருக்கும்.

நான் பி.காம். படித்தவன். எதைக் கண்டாலும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. சிக்கனப் பயணத்துக்கும் அப்படி எழுதலாம். செலவுப் பக்கத்தில் நாலு தலைப்பு. போக்குவரத்து, படுக்கை, சாப்பாடு, சில்லறைச் செலவு. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

பையன் போடுகிற கணக்கு என்றால் அவ்வளவுதான். அதே வீட்டில் அவன் தங்கச்சி அதே ஊருக்கு, அதே பணத்தில் திட்டம் போட்டால் ஐந்தாவதாக ஒரு தலைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அனுமதி! மற்ற நாலையும் கூட்டினாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது. 'யாரைக் கேட்டுக் கிளம்பினே?' என்கிற ஒற்றைக் கேள்வியில் எத்தனையோ டிக்கெட்டுகள் கேன்சலாகியிருக்கின்றன.

இந்த ஐந்தாவது தலைப்புக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைப் படிக்க லண்டன், பாரிஸ் எல்லாம் போகவேண்டாம். திருச்சிக்குப் பக்கத்தில் புதுக்கோட்டைக்குப் போனால் போதும். சும்மா சொல்லவில்லை. மூன்று கதை சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் கதை, ஒரு ராஜாவுடையது.

1948-ல் இந்தியாவோடு இணையும்வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான்கள் ஆண்ட ஊர். அவர்களில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறு வயதிலேயே, 1886-ல் பட்டத்துக்கு வந்தவர். மனுஷனுக்கு ஊர் சுற்றுவதென்றால் கொள்ளை ஆசை. ஐரோப்பாவுக்குப் பலமுறை கப்பல் ஏறினார். நம் கணக்கின் முதல் நாலு தலைப்பும் அவருக்குப் பிரச்னையே இல்லை. கஜானா அவருடையது.

ஆனால் ஐந்தாவது தலைப்பு? ராஜாவுக்கும் இருந்தது!

1900-ல் வைஸ்ராய் கர்ஸன் பிரபு ஒரு சுற்றறிக்கை விட்டார். சமஸ்தான மன்னர்கள் வெளிநாடு போவதென்றால் இந்திய அரசாங்கத்தின் அனுமதி வாங்கித்தான் போகவேண்டும். காலில் விழுந்து கும்பிடும் பிரஜைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், கப்பல் ஏறுமுன் ராஜாவும் ஒருவரைக் கேட்டுத்தான் கிளம்பணும்.

1915-ல் ஆஸ்திரேலியா போனார். மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். ஆகஸ்ட் மாதம் கல்யாணம். புது மனைவியோடு ஊருக்கு வந்தார். பிரிட்டிஷ் அரசு மோலியை மகாராணியாக அங்கீகரிக்க மறுத்தது. அவர்களுக்குப் பிறந்த மகனையும் வாரிசாக ஏற்கவில்லை. தம்பதி புதுக்கோட்டையில் இருந்தது சில மாதங்கள்தான். மறுபடி ஆஸ்திரேலியா, பிறகு ஐரோப்பா. 1928-ல் பாரிஸில் ராஜா காலமானார். தகனம் லண்டனில். உலகமெல்லாம் சுற்றியவருக்கு, மனைவியோடு சொந்த ஊரில் குடியிருக்க மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

இரண்டாவது கதை, ஒரு மாணவியுடையது. இதிலும் அதே ராஜா வருகிறார், ஆனால் அனுமதி கொடுக்கிறவராக.

1886-ல், தொண்டைமான் பட்டத்துக்கு வந்த அதே வருஷம், புதுக்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் முத்துலட்சுமி. மெட்ரிக் பாஸ் செய்தாள். மேலே படிக்கணும் என்றாள். ஊரில் இருந்தது மகாராஜா கல்லூரி. அது பையன்கள் படிக்கிற இடம். ஒரு பெண்ணா? அதுவும் தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவளா? பையன்களின் பெற்றோர்கள் கொதித்தார்கள். ராஜா அத்தனை எதிர்ப்பையும் ஓரம்கட்டி அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். உதவித்தொகையும் கொடுத்தார்.

வீட்டிலிருந்து கல்லூரிக்கு எத்தனை தூரம் இருந்துவிடப் போகிறது? இந்தக் கட்டுரையிலேயே சின்னப் பயணம் அதுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் போன தூரத்தைப் பாருங்கள். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர். அப்புறம் மேற்படிப்புக்கு லண்டன். 1926-ல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதி. 1927-ல் சென்னை சட்டமன்றத்தில் துணைத்தலைவர். தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தவரும், 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் இதே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான்.

பெரிய கதை. ஆனாலும் என் கணக்குப் புத்தி ஒரு இடத்தில் நிற்கிறது. அந்த அனுமதியைக் கொடுத்தது ஒரு ராஜா. அவர் அன்றைக்கு வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால்? ஒவ்வொரு முத்துலட்சுமிக்கும் ஒவ்வொரு ராஜாவா கிடைப்பார்? ஆயிரக்கணக்கான பெண்கள் கிளம்ப வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழி மேல்நாட்டில் ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தது. இரண்டு சக்கரத்தில்!

1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் பிடித்து ஆட்டியது. பெண்களும் ஏறினார்கள். பெண் விடுதலைக்கு சைக்கிள் செய்த அளவுக்கு வேறெதுவும் செய்யவில்லை என்றே அமெரிக்கப் போராளி சூஸன் பி. ஆன்டனி 1896-ல் பேட்டி கொடுத்தார். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 1894-ல், பாஸ்டன் நகரத்து ஆனி கோஹன் கோப்சோவ்ஸ்கி என்ற பெண், மூன்று குழந்தைகளின் தாய், சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். பணம்? லண்டன்டெரி என்ற தண்ணீர் கம்பெனி 100 டாலர் கொடுத்தது. பதிலுக்கு சைக்கிளில் அவர்கள் விளம்பரப் பலகை, கூடவே தன் பெயரையும் 'ஆனி லண்டன்டெரி' என்று மாற்றிக்கொண்டார்! கடல் வழியெல்லாம் கப்பலில், தரையில் முடிந்தவரை சைக்கிளில், 1895-ல் திரும்பி வந்துவிட்டார். ஸ்பான்ஸர் பிடித்து ஊர் சுற்றுவது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும்.

சரி, புதுக்கோட்டைக்குத் திரும்புவோம். மூன்றாவது கதை. இதில் ராஜாவும் இல்லை, டாக்டரும் இல்லை. கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், பால்வாடி ஆயாக்கள், ஆசிரியைகள்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற இயக்கம். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். இரவு நேரத்தில், தெருவிளக்கு வெளிச்சத்தில், மரத்தடியில் வகுப்புகள். பாடம் சொல்லிக்கொடுக்க வந்த தொண்டர்களில் நிறையப் பேர் பெண்கள். அவர்கள் ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குப் போகணும். பஸ் எப்போதோ ஒன்று. நடந்தால் பொழுது சாய்ந்துவிடும். அப்பாவோ, அண்ணனோ, புருஷனோ சைக்கிளில் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. அவர்களுக்கு ஒழிகிற நேரத்தில்தான் இவர்கள் கிளம்ப முடியும்.

ஆகவே ஒரு முடிவு எடுத்தார்கள். 'அ, ஆ' கற்றுக்கொள்வதோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளணும். பெண்களின் நடமாட்டமும் எழுத்தறிவில் சேர்த்தி!

இன்றைக்குக் கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு? கிராமத்தில் ஒரு பெண் சைக்கிள் ஏறினால் தெருவே வேடிக்கை பார்க்கும். கேலி, கிண்டல், காது கொடுத்துக் கேட்கமுடியாத பேச்சு. ஆனால் இங்கேதான் இயக்கம் சாமர்த்தியமாக வேலை செய்தது. ஒருத்தி ஏறினால்தானே கேலி? ஊரே ஏறினால்? முகாம் போட்டுக் கூட்டமாகக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பாட்டு கட்டிப் பாடினார்கள். கலெக்டர் வங்கிகளிடம் பேசி, பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் தர வைத்தார். அறிவொளிப் பெண்களுக்காக யூனிசெஃப் 50 மொபெட் கொடுத்தது.

1992-ல் சர்வதேசப் பெண்கள் தினம். 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். ராஜவீதிகளில் யானையும் குதிரையும் போன ஊர் அது. இப்படியொரு ஊர்வலத்தை அது பார்த்ததில்லை!

பத்திரிகையாளர் பி. சாய்நாத் புதுக்கோட்டைக்கு வந்து இதைப் பதிவு செய்தார். 1996-ல் வெளிவந்த அவருடைய 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்கிறார். சின்னக் குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல்!

அவர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளையே பல பெண்கள் விரும்பினார்கள். ஏன் தெரியுமா? முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். ஜாலிக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் யோசனையா இது?

இப்போது என் வெள்ளைத் தாளை எடுக்கிறேன். நடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர். சைக்கிளில் சாவகாசமாகப் போனாலும் 12. தண்ணீர், சந்தை, வேலை என்று தினம் 6 கிலோமீட்டர் அலைகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தால் ஒன்றரை மணி நேரம். சைக்கிளில் அரை மணி. தினம் ஒரு மணி நேரம் மிச்சம். வருஷத்துக்கு 365 மணி. எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 45 நாளுக்கு மேல்! எந்த வங்கியும் தராத வட்டி இது.

அது மட்டுமா? பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கிற காய்கறியைப் பக்கத்து ஊர்ச் சந்தைவரை கொண்டுபோய் நின்று நிதானமாக விற்கலாம். 'சீக்கிரம் வா, எனக்கு வேலை இருக்கு' என்று விரட்ட ஆள் இல்லை.

கவனித்தீர்களா? இந்தப் பெண்களுக்கு யாரும் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. தினம் தினம் அனுமதி கேட்கவேண்டிய அவசியத்தையே சைக்கிள் குறைத்துவிட்டது. கூட்டிப்போக ஆள் தேவையில்லை என்று ஆனதும், 'யாரைக் கேட்டுக் கிளம்பினே?' என்ற கேள்விக்குப் பாதி பலம் போய்விட்டது.

மீதிப் பாதி? அது போகவில்லை. 1995-ல் சாய்நாத் மறுபடி போனபோது சைக்கிள் ஆசை குறையவில்லை, ஆனால் சைக்கிள் வாங்கப் பணம் இல்லாத பெண்கள் நிறைய இருந்தார்கள். ஓட்டத் தெரியும், வண்டி இல்லை. அனுமதித் தலைப்பு கொஞ்சம் இறங்கியதும் போக்குவரத்துத் தலைப்பு மேலே வந்துவிட்டது.

அந்தத் தலைப்பை அரசாங்கங்கள் பிறகு கையில் எடுத்தன. தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. 2005-06-ல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவிகளுக்கு விரிந்தது. பீகார் 2006-ல் உயர்நிலைப்பள்ளி மாணவிகளுக்குக் கொடுத்தது. அதை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், உயர்நிலைப்பள்ளியில் சேரும் வயதுப் பெண்களின் சேர்க்கை சுமார் 30 சதவிகிதம் கூடியதாக 2017-ல் எழுதினார்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் ஆரம்பித்தது. டிக்கெட் காசுக்காக வீட்டில் கைநீட்டும்போது 'எங்கே போறே?' என்ற கேள்வியும் கூடவே வருமே, அந்தச் சந்தர்ப்பம் ஒன்று குறைந்தது.

'ஊர் சுற்றத் திட்டம் கேட்டால், தண்ணீர்க் குடம் கதை சொல்கிறீர்களே' என்கிறீர்களா? திட்டமே அந்தக் கதையில்தான் இருக்கிறது. புதுக்கோட்டைப் பெண்கள் செய்த வரிசையைப் பாருங்கள். முதலில் பக்கத்து ஊர். முதலில் கூட்டமாக. சொந்த வண்டி. போன வேலையை முடித்துவிட்டுச் சொன்ன நேரத்துக்குத் திரும்புதல். தனியாகப் போவதெல்லாம் அதற்குப் பிறகு. முதல் பயணமே இமயமலை என்று ஆரம்பித்தால் பட்ஜெட்டும் தாங்காது, வீடும் தாங்காது.

இந்த வரிசைக்கு ஏற்ற ஊரும் புதுக்கோட்டைதான். ஒரு மாதிரித் திட்டம் தருகிறேன்.

எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம், காரைக்குடி பக்கம் போகும் ரயில்கள் பலவும் புதுக்கோட்டை வழிதான். திருச்சியிலிருந்தென்றால் பஸ்ஸே போதும். வாடகை சைக்கிள் கடைகள் அரிதாகிவிட்ட காலம் இது. உள்ளூர் நண்பர் வீட்டில் சைக்கிள் கேளுங்கள். நாலு பேராகப் போங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். பாறை தணல் மாதிரி கொதிக்கும்.

முதல் நாள், நகரத்துக்குப் பக்கத்திலேயே திருக்கோகர்ணம். அங்கே 1910-ல் தொடங்கிய மியூசியம். அதைப் பார்த்துவிட்டால் மற்ற இடங்கள் தானாகப் புரியும். காலுக்கும் பழக்கமாகும்.

இரண்டாவது நாள், விடியற்காலையில் கிளம்பி வடமேற்கே 16 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். குகைக்கோயில் கூரையில் தாமரைக்குள ஓவியம், ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. மலைமேல் ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுத்த 17 கல் படுக்கைகள், வழவழவென்று, தலையணை மேடு உள்பட. பக்கத்தில் சுமார் இரண்டாயிரம் வருஷப் பழமையான தமிழ்-பிராமி எழுத்து. நம் கணக்கில் 'படுக்கை' என்ற தலைப்பில் பூஜ்யம் செலவு செய்த சீனியர்கள் இவர்கள். தெம்பு இருந்தால் அதே பக்கம் குடுமியான்மலையையும் சேர்த்துக்கொள்ளலாம். பாறையில் சங்கீதத்தைக் கல்வெட்டாக வெட்டிவைத்திருக்கிற ஊர் அது.

மூன்றாவது நாள், தெற்கே 20 கிலோமீட்டரில் திருமயம் கோட்டை. கிழவன் சேதுபதி 1687-ல் கட்டியது. இல்லையா, திருச்சி ரோட்டில் நார்த்தாமலை. வட்ட வடிவக் கருவறையோடு விஜயாலய சோழீஸ்வரம். ரெண்டையும் ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ரெண்டும் எதிரெதிர்த் திசை.

ரயில், பஸ், எளிய லாட்ஜ், மெஸ் சாப்பாடு, நுழைவுச் சீட்டு. நாலு பேராகப் பிரித்துக்கொண்டால் நாலு தலைப்பும் அடக்கத்துக்குள் வந்துவிடும். பங்க்சர் ஒட்டுகிற சாமானும் ஒரு பம்ப்பும் சில்லறைச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். பொட்டல்வெளி ஜாஸ்தி, நடுவழியில் கடை இருக்காது.

மிச்சம், அந்த ஐந்தாவது தலைப்பு.

இதைப் படிக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். உங்கள் டூர் கணக்கை எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கம் தங்கச்சி பேரில் அதே டூருக்கு ஒரு கணக்குப் போடுங்கள். எந்த இடத்தில் செலவு ஏறுகிறது என்று பாருங்கள். அப்பாவிடம் பேசவேண்டியது அதைப் பற்றித்தான்.

தங்கச்சிகளுக்குச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. கேரியரில் குடம், முன் பாரில் குழந்தை என்று சைக்கிள் மிதித்த புதுக்கோட்டைப் பெண்கள் பலருக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். சித்தன்னவாசல் போகிற வழியில் அப்படி ஒரு பாட்டியைப் பார்த்தால் நிறுத்திப் பேசுங்கள். எந்த கைடு புத்தகத்திலும் இல்லாத சமாசாரம் கிடைக்கும்.